எலிசேயோ பல்லைக் கடித்த வருஷம்

சிலி நாட்டின் சான் அந்தோனியோ துறைமுகத்தில் எலிசேயோ அராவெனாவும் நானும் ஒரே கிரேனைப் பதினோரு வருஷம் ஓட்டினோம். நாலு மணி நேரம் அவன், நாலு மணி நேரம் நான். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கூண்டு, அதன் தரை கண்ணாடி. கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கும்வரை கழுத்தை நீட்டி, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனுடைய மகளுக்கு ஞானத்தகப்பன் நான். அதனால் எங்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம், திராட்சை ஏற்றும் நெருக்கடி. நான் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிரேன் நின்றுவிட்டது. ஒரு கன்டெய்னர் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கியது. கப்பல் தளத்தில் சிக்னல் காட்டுகிறவன் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பதில் இல்லை. நான் ஓடிப்போய் லிஃப்டில் ஏறினேன்.

எலிசேயோ இரண்டு கைகளையும் லீவரிலிருந்து எடுத்துவிட்டு, நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு" என்றான்.

"ரேடியோ நல்லாத்தானே கத்துது."

"சொல்லிடு ஒஸ்வால்தோ. குனிஞ்சிருந்துட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான். கூண்டே படகு மாதிரி மிதக்குது."

அவனை நகர்த்திவிட்டு நான் உட்கார்ந்து கன்டெய்னரை இறக்கினேன். ரேடியோ கோளாறு என்று சூப்பர்வைசரிடம் பொய்யும் சொன்னேன். கீழே எத்தனை பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதமாகவே அப்படித்தானாம். பம்பரம் போலச் சுற்றுவதில்லை. காலுக்கடியில் தரை நழுவுகிற மாதிரி, தலை மட்டும் தனியாக மிதக்கிற மாதிரி இருக்குமாம். மூளையில் கட்டி என்று அவனே முடிவு செய்து வைத்திருந்தான். தலைசுற்றுகிறவனுக்குக் கூண்டில் இடமில்லை என்பது எங்கள் விதி. அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் அவன் வீட்டில் வேறொன்றும் நடந்திருந்தது. அவன் மனைவி ரொசால்பா பாரான்காஸ் பகுதியின் குவேக்கா நடனக் குழுவில் சேர்ந்திருந்தாள். முதலில் அவனைத்தான் கூப்பிட்டாள். ஒரு தடவை அல்ல, நாலு வருஷமாக. ஒவ்வொரு தடவையும் இவன் கழுத்து வலிக்கிறது, ஷிப்ட் இருக்கிறது என்று தட்டிக்கழித்தான். கடைசியில் அவளுக்கு ஜோடியாக ஃபெர்மின் என்பவர் அமைந்தார். சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், வயது அறுபத்திரண்டு. ஒல்லியான உடம்பு, பளபளக்கிற பூட்ஸ், எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. செப்டம்பரில் நடக்கிற மாகாணப் போட்டிக்கு இருவரும் வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தார்கள்.

ஒரு சனிக்கிழமை எலிசேயோ என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பயிற்சியைப் பார்க்கப் போனான். குவேக்காவில் ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதில்லை. கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு நெருங்குவதும் விலகுவதுமாக ஒருவரையொருவர் கண் எடுக்காமல் பார்ப்பதுதான் ஆட்டம். ரொசால்பாவுக்கு நாற்பத்தாறு வயது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"தொடவே இல்லையே, உனக்கு என்ன கவலை?" என்றேன்.

"தொட்டாக்கூடப் பரவால்ல. அந்தாளு பார்க்கிற பார்வையப் பாரு."

காதுக்குக் கீழே அவன் தாடைச் சதை கொட்டைப்பாக்கு அளவு புடைத்து நின்றது. எழுந்து வாசல் பக்கம் நடந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான்.

இன்னொரு நாள் மாலை அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ரொசால்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கைக்குட்டைகள் இரண்டு. ஒன்றில் 'ஃபெ' என்று நீல நூலில் பூவேலை.

"அவருக்கு வீட்டில தண்ணி வரலையா?" என்று எலிசேயோ கேட்டான்.

"தனியா இருக்கிற மனுஷன். ரெண்டு கைக்குட்டைய ஒண்ணாத் துவைச்சா கை தேய்ஞ்சிடுமா எனக்கு?"

"என் சட்டைய நானே இஸ்திரி போட்டுக்கிறேன்."

"நீ என் கூட ஆடினா உன் கைக்குட்டையையும் போடுவேன்."

அவன் மொறுமொறுப்பான ரொட்டியைக் கடித்தான். தாடையில் 'டக்'கென்று ஒரு சத்தம். என் நாற்காலி வரை கேட்டது. ரொசால்பா என்னிடம் சொன்னாள்: "தூக்கத்திலயும் இதே கூத்துதான். சரளைக்கல்லை மெல்ற மாதிரி நறநறன்னு. பக்கத்தில படுக்கவே முடியல."

"அதான் வெளியில ஆடப் போறியாக்கும்" என்றான் அவன். அவள் இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் ஓங்கி வைத்தாள், அவ்வளவு கோபம். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரலில் கூண்டில் மறுபடியும் அவனுக்கு அப்படி வந்தது. இந்தத் தடவை நான் பொய் சொல்ல மறுத்துவிட்டேன். "நீயே போய்ச் சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே போய்ச் சொன்னான்.

உடனே அவனைக் கீழே இறக்கிவிட்டார்கள். கன்டெய்னர் கதவின் முத்திரைகளைச் சரிபார்க்கிற வேலை. கூண்டில் என் மாற்றாளாக ஒரு இளைஞன் வந்தான். எலிசேயோ கீழே நின்றுகொண்டு எங்கள் கிரேனை அண்ணாந்து பார்ப்பான். "புதுப் பையன் நல்லா ஓட்றான் போல. உனக்கும் ஜாலிதான்" என்பான். அப்போதும் அந்தத் தாடை புடைக்கும். அந்த நாட்களில் அவன் பொறாமைப்படாத ஜீவன் துறைமுகத்துக் கடல்சிங்கம் மட்டும்தான்.

மருத்துவர்கள் காதைச் சோதித்தார்கள், இதயத்தைச் சோதித்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. எதுவுமே இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. கடைவாய்ப் பற்கள் மேசைபோலத் தட்டையாகத் தேய்ந்திருந்தன. பல் டாக்டரிடமும், மிரேயா என்ற பிசியோதெரபிஸ்ட்டிடமும் அனுப்பினார்.

மிரேயாவிடம் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். சின்ன உருவம், இரும்பு விரல்கள். அவன் கன்னத்துத் தசையையும், பிடரியில் மண்டையோடு சேருகிற இடத்தையும் அழுத்தினாள். எலிசேயோ கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இதேதான். இப்ப வருது. அதே மிதப்பு."

"சரி, விட்டுட்டேன். மெதுவா மூச்சு விடுங்க" என்றாள் அவள். "தலை எந்தப் பக்கம் இருக்குன்னு கழுத்துத் தசை மூளைக்குச் சொல்லிட்டே இருக்கும். அது இறுகிப்போனா கண்ணு ஒண்ணு சொல்லும், கழுத்து வேற ஒண்ணு சொல்லும். மூளை குழம்பும். நீங்க வருஷக்கணக்கா குனிஞ்சு வேலை பார்க்கிறீங்க. அதோட பல்லை வேற கடிக்கிறீங்க."

"அப்ப இதுதான் வியாதியா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். மத்ததெல்லாம் பார்த்தாச்சு, இது மிச்சம் இருக்கு. சரி பண்ணிப் பார்ப்போம். குறைஞ்சா இதுதான்." பிறகு கேட்டாள்: "எப்பெல்லாம் கடிக்கிறீங்க?"

"நான் கடிக்கிறதே இல்லையே."

"இப்பவே கடிச்சிட்டுத்தான் இருக்கீங்க."

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக்கூடாது என்றாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர்கள் கொடுத்து, கண்ணில் படுகிற இடங்களிலெல்லாம் ஒட்டச் சொன்னாள். பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் பல் கடித்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கடித்திருந்தால், அந்த நேரம் மனதில் என்ன ஓடியது என்று ஒரு சின்ன நோட்டில் எழுத வேண்டும். கழுத்துக்குப் பயிற்சி, படுக்கும்போது பல்லுக்கு ஒரு உறை, மொறுமொறு ரொட்டிக்குத் தடை.

மூன்று வாரம் கழித்து ரொசால்பா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் அந்த நோட்டு.

"யாரு இவ?" என்றாள்.

"யாரு யாரு?"

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். திங்கள், பத்து மணி: ஃபெ. திங்கள், சாப்பிடும்போது: ஃபெ. செவ்வாய், பேருந்தில்: ஃபெ. பக்கம் பக்கமாக அதே எழுத்து.

"எடைமேடை ஆபீஸ்ல ஃபெலிசா இருக்காளே, அவதானே? நாள் முழுக்க அவளையே நினைச்சிட்டு இருந்திருக்கான். மணி போட்டு எழுதி வச்சிருக்கான். இதுல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் தாடையும் இப்போது புடைத்திருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

எலிசேயோ சுவரில் முதுகை ஒட்டி நின்று கழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவள் நோட்டை மேசைமேல் போட்டாள்.

"நம்ம மகளோட ஞானத்தகப்பன் முன்னாடியே சொல்லு. யாரு இந்த ஃபெ?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அப்படியே சொன்னான்: "ஃபெர்மின்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நோட்டை மறுபடி எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"பேருந்தில போறப்பகூடவா?"

"பக்கத்து சீட்டுக்காரன் அவரை மாதிரியே பளபளன்னு பூட்ஸ் போட்டிருந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்தேன், அவள் உட்காரச் சொன்னாள்.

"நான் அந்தாளோட படுக்கிறேன்னு நினைக்கிறியா?"

"இல்ல. அப்படி நினைச்சதே இல்ல. அவரைப் பார்க்கிறப்ப உன் மூஞ்சி மாறுது. என்னைப் பார்த்து அப்படி மாறி எத்தனை வருஷமாச்சு? அதைத்தான் தாங்க முடியல."

"நீ பார்த்தாத்தானே மாறும்" என்றாள் அவள். "இத்தனை வருஷமா கூண்டில நாலு மணி நேரம் ஒரு இரும்புப் பெட்டியோட நாலு மூலைய உத்துப் பார்த்த. வீட்டுக்கு வந்து கண்ண மூடிக்கிட்ட. அவரு என்னைப் பார்க்கிறாரு. எனக்கு அது பிடிச்சிருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப விட்டுடேன் அந்த ஆட்டத்தை."

"விட மாட்டேன்."

அவன் பல்லைக் கடித்தான். கடித்தது தெரிந்து, விட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்படி நாலைந்து தடவை நடந்தது. கடைசியில் அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்று, பிடரியில் கட்டைவிரலை வைத்து, "எந்த இடத்தில அழுத்தச் சொன்னா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். அப்போது நான் கிளம்பிவிட்டேன்.

ஜூலை முடிவதற்குள் மிதப்பு பாதியாகக் குறைந்தது. ஆகஸ்டில் ஒரு முழு வாரம் வரவேயில்லை. கம்பெனி டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்ற நிபந்தனையோடு மேலே போக அனுமதித்தார். முதல் நாள் நான் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்கு கன்டெய்னர் இறக்கினான். கூண்டுக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு.

செப்டம்பர் போட்டியில் ரொசால்பாவுக்கும் ஃபெர்மினுக்கும் இரண்டாம் இடம். எலிசேயோ மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தான். கைதட்டினான். முடிந்ததும் ஃபெர்மின் வந்து கைகுலுக்கி, "உங்க சம்சாரம் ரொம்ப நல்லா ஆடுறாங்க" என்றார்.

"தெரியும்" என்றான் எலிசேயோ. குரலில் நட்பு ஒன்றும் இல்லை.

பொறாமை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை தலை லேசாக மிதக்கும். அப்போதெல்லாம் நின்று, மூச்சை விட்டு, தாடையைத் தளர்த்திக்கொள்வான். இது மூன்றாவது பல் உறை. முதல் இரண்டையும் கடித்தே ஓட்டை போட்டுவிட்டான். நடனக் குழுவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அவனும் போகிறான். குவேக்கா தொடங்குமுன் ஆண் கைகொடுக்க, இருவரும் கைகோத்து அரங்கைச் சுற்றி நடக்கிற ஒரு பகுதி உண்டு. அதை மட்டும் ரொசால்பாவோடு நடக்கிறான். சுழல வேண்டிய இடம் வந்ததும் அவளை ஃபெர்மினிடம் விட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

"ஏண்டா, கொண்டுபோய் நீயே விடற. அது எரியலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"எரியாம என்ன. ஆனா அந்த ஒரு சுத்து முழுக்க அவ என்னைத்தான் பார்க்கிறா" என்றான்.