விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு அளவையாளர் முதன்முதலாகத் தையலக்காவின் கதவைத் தட்டினார். பக்கத்து மனையில் அறுபத்திரண்டு மாடிச் சொகுசுக் குடியிருப்புக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு இரண்டே அறைகள். முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் அடுப்பும் கட்டிலும். முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளிச் சீருடை தைத்து வாங்கிய வீடு.

சுவரில் உள்ள விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவது அளவையாளரின் வேலை. கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. சீர்செய்யும் பொறுப்பு கட்டுமான நிறுவனத்தின் தலையில் விழும். உடையாவிட்டால் அது வீட்டுக்காரரின் பழைய விரிசல். ஒட்டுமுன், செங்கல் தெரியும்வரை பூச்சைச் சுரண்ட வேண்டும். அவர் உளியை எடுத்ததும் அக்கா பதறினார்.

"ஐயோ தம்பி, போன மாசந்தான் வெள்ளையடிச்சேன். சுரண்டிடாதீங்க!"

"சுரண்டாம ஒட்டக் கூடாதுக்கா."

"இப்பத்தான் பவுடர் போட்டு உக்காத்தி வச்சிருக்கேன், அதுக்குள்ள மூஞ்சியில தழும்பு வைக்கிறீங்களே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கில் உளியைப் பைக்குள் போட்டார்; வெள்ளையின் மேலேயே கண்ணாடியை ஒட்டினார்.

அதன்பின் மாதந்தோறும் வந்தார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

"நூல்கண்டு கீழ விழுந்தா நேரா பின்கதவுக்கு ஓடுது தம்பி. முன்னெல்லாம் விழுந்த இடத்துலயே கிடக்கும்."

"கண்ணாடி உடையலையேக்கா."

"அப்ப நூல்கண்டுக்குத்தான் கால் முளைச்சிருக்கு."

படிவத்தில் 'அசைவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஐந்து மாதங்களும் அப்படியே.

ஆறாம் மாதம் விரிசலில் அவருடைய சுண்டுவிரல் நுழைந்தது. கண்ணாடியைத் தொட்டார், முழுசாகக் கையோடு வந்தது. சுவர் நகர நகர, ஒரு முனையில் வெள்ளைப்பூச்சு உரிந்து வழிவிட்டதால் கண்ணாடி உடையவே இல்லை.

கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஓடினார். "அஞ்சு கையெழுத்தும் உன்னோடதுதானே?" என்று கேட்ட மேலாளர், பதிலுக்குக் காத்திராமல் கோப்பை மூடினார். இரண்டே வாரத்தில், வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்ற அறிவிப்பை மாநகராட்சி ஆட்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இழப்பீடு இல்லை. சொன்ன விலைக்கு மனையை வாங்கிக்கொள்ள அதே நிறுவனம் முன்வந்தது. அக்காவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது அளவையாளர் வந்து நின்றார்.

"தப்பு என்னோடதுன்னு எழுதி வச்சிருக்கேன்க்கா. வக்கீலைப் பாருங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்."

"உங்க வேலை என்னாகும்?"

"போயிடும்."

"எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு."

அக்கா கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். "சுரண்டாதீங்கன்னு சொன்னது நான். கடுதாசி உங்ககிட்டயே இருக்கட்டும். வேணும்னா கூப்பிடறேன்."

அளவு எழுதும் நோட்டில் அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டு, தன் தம்பி வீட்டின் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கட்டடம் எழுந்தது. அக்காவின் முன்னறை இருந்த இடத்தில் கார்கள் இறங்கும் சரிவுப்பாதை வந்தது. நான்காண்டுகளுக்குப் பிறகு அளவையாளருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் அக்காவின் தம்பி மனைவி.

"அண்ணி தவறிட்டாங்க. நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சு, அளவுதான் எழுதல. தைக்க ஏதாவது குடுத்திருந்தீங்களா?"

"இல்லைங்க," என்றார் அளவையாளர். கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. அக்கா அதைக் கேட்கவே இல்லை.