வேரைக் காட்டி விற்கிறவள்

பிளேடு பாலித்தீன் பையின் ஓரத்தில் இறங்கி, மேலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் வந்து நின்றது.

"ஐயையோ, இன்னாக்கா பண்றீங்க!" என்று கல்பனா கத்தியேவிட்டாள். அவளும் அவள் புருஷன் அருள்தாசும் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பொறுக்கிய வேப்பங்கன்று அது. நல்லவாடு ஊரில் கட்டியிருக்கும் புது வீட்டுக்கு வாசலில் ஒரு மரம் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார்கள். வரிசையிலேயே உயரமாக, ஆள் மார்பளவுக்கு நின்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத்தான் தனக்கொடி அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போட்டாள்.

மண்ணை உதறி, வேரை அவர்கள் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஆணிவேர் பையின் அடியைத் தொட்ட இடத்தில் மடங்கி, போக வழியில்லாமல் அங்கேயே மூன்று சுற்று சுற்றி, கயிறாக முறுக்கிக் கிடந்தது.

"மேல பாத்தா ஹீரோ. கீழ பாத்தியா கதிய? இத வாசல்ல வச்சா அஞ்சு வருஷம் தளதளன்னு நிக்கும். ஆறாவது வருஷம் ஒரு காத்து அடிச்சா ஸ்கூட்டர் மேல வுழும். ஸ்கூட்டர் மேல ஆள் இல்லாம இருந்தா புண்ணியம்."

அருள்தாசுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இத இன்னாத்துக்குக்கா விக்க வச்சிருக்கீங்க?"

"விக்க யாரு வச்சா? நீ வந்து இதத்தான் எடுப்பேன்னு தெரியும். அதுக்கு வச்சிருக்கேன்."

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையில், கரும்புக்கொல்லைக்கும் ஒரு பஞ்சர் கடைக்கும் நடுவில் பச்சை வலை கட்டிய அரை ஏக்கர்தான் தனக்கொடியின் நர்சரி. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் வரிசை முழுக்க நெட்டையான கன்றுகள். வேண்டுமென்றே பையில் முற்றவிட்டவை. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த வரிசையில்தான் கை வைப்பார்கள். வைத்ததும் பிளேடு வரும். காசு கொடுக்க வந்தவனை இப்படி மிரட்டி வியாபாரம் பண்ணுகிற பொம்பளையை இந்தச் சீமையில் வேறெங்கும் காண முடியாது. அவளிடம் பை நிரப்புகிற தையலம்மாள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "ஆளுக்கு ஒரு கண்ண கொல்லலன்னா இதுக்குச் சோறு எறங்காது" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். கன்றைக் கண்ணு என்பதுதான் இங்கே பேச்சு.

தனக்கொடிக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லி. புடவைமேல் அவள் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் ஒரு பிளேடு, ஒரு பென்சில். பென்சில் எழுத அல்ல. கன்றின் தண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்க. பென்சில் பருமன் இருந்தால் கன்று வெளியே போகலாம், இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுவாள். பைக்குள் கன்று லொடலொடவென்று ஆடினால் அது நேற்றுப் பிடுங்கி நட்டது, வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விதை எடுக்கிற மரமும் இருபது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். "நம்ம வெயில தின்னு, நம்ம புயல்ல நின்ன மரத்து வெதயா இருக்கணும். ஊட்டியில பொறந்தத கொண்டாந்து பாகூர்ல வச்சிட்டு ஏன் வாடுதுன்னா அது இன்னா சொல்லும்?"

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தண்ணீர் விஷயம்தான் வருகிறவர்களைத் தூக்கிவாரிப் போடும். கன்று வாங்க வருகிறவர் தன் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். தனக்கொடி மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டு, கண்ணை மூடி நாக்கில் உருட்டி, பக்கத்து வாய்க்காலில் துப்புவாள். உப்பா, துவர்ப்பா, இரும்புக் காறலா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த மரம் என்று வாயைத் திறப்பாள். யார் வீட்டுத் தண்ணீரையும் அவள் விழுங்கி தையலம்மாள் பார்த்ததில்லை.

அன்றைக்கு கல்பனா கொடுத்த பாட்டிலை வாயில் விட்டதுமே தனக்கொடி முறைத்தாள். "இது கேன் தண்ணி."

"ஆமாக்கா. எங்க தண்ணி உப்பு. உங்களுக்குப் போய் அத எப்படிக் குடுக்கறதுன்னு..."

"மரத்துக்குக் கேன் தண்ணியா ஊத்தப் போற? போய் போர் தண்ணி கொண்டா. கடலுக்கு எவ்ளோ தூரம்?"

"ரெண்டு தெரு."

"அப்ப வேம்புக்கு எல கருகும். புன்ன வச்சிக்கோ. அதையும் தண்ணி பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அடுத்த ஞாயித்துக்கெழம வா."

இருவரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெறுங்கையோடு போகிறவர்களைப் பார்த்து தையலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குக் காரணம் தெரியும், தெரிந்தும் பொறுக்கவில்லை.

இந்த பிளேடு எப்போது வந்தது என்றால், போன புயலுக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் தனக்கொடியும் எல்லாரையும் போல உயரத்தைக் காட்டித்தான் விற்றாள்.

ஊரடங்கு வந்த வருஷம், அதற்கு முந்தின கோடையில் போட்ட பலாக்கன்றுகள் வாங்க ஆளில்லாமல் தேங்கிப்போயின. பலாவின் ஆணிவேர் அவசரக்காரி. நாலைந்து மாதத்தில் பையின் அடியைத் தொட்டுவிடும். அதற்குள் நிலத்துக்குப் போயாக வேண்டும். தனக்கொடியின் கன்றுகள் இரண்டு வருஷம் பையிலேயே கிடந்தன. பையின் அடி ஓட்டை வழியே தரைக்குள் இறங்கிய வேரை நறுக்கிவிட்டு, அவற்றை அப்படியே பெரிய பைக்கு மாற்றி, சுற்றிலும் புது மண் போட்டாள். இங்கே எல்லா நர்சரியிலும் செய்கிற வேலைதான். கன்றுகள் மறுபடி துளிர்த்து நின்றன. பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி இருந்தன.

அறுபது கன்றுகளை ஷரீப் பாய் வாங்கினார். வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சேதராப்பட்டுப் பக்கம் செம்மண் நிலம் வாங்கியிருந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பலாத்தோப்பில் மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மண் செம்மண், தண்ணீர் தேங்காது, தண்ணீரும் நல்ல தண்ணீர். பலாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? தினமும் போய்ப் பார்த்தார். மூன்றே வருஷத்தில் மரங்கள் இரண்டு ஆள் உயரம் வந்தன. "தனக்கொடி குடுத்த கண்ணுமா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனில் படம் காட்டுவார்.

அப்புறம் புயல் வந்தது. காற்று நின்ற மறுநாள் போன் செய்தார். "வந்து பாருமா" என்று மட்டும் சொன்னார்.

தனக்கொடி போனாள். முப்பத்தெட்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன. பக்கத்து நிலத்தில் வேம்புக்குக் கிளைதான் முறிந்திருந்தது, மரம் நின்றது. பலா மட்டும் ஏன் வேரோடு? கிட்டத்தில் போய் ஒரு மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தாள். வேர் நிலத்துக்குள் இறங்கவே இல்லை. தண்டுக்கு அடியில் ஒரு குட்டிப் பானை அளவுக்கு உருண்டையாகச் சுருண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கிழித்துப்போட்ட பழைய பையின் அளவு அது, அச்சு அசல். பை போய்விட்டது, அதன் உருவம் அப்படியே இருந்தது. அடுத்த மரமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. பேயறைந்தவள் போல அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

பாய் அவளைத் தேற்றினார். ஆமாம், அவர்தான் தேற்றினார். "புயலுக்கு யாரு இன்னா பண்றது? இருவத்தி ரெண்டு நிக்குது இல்ல? மண் அணைச்சி முட்டுக் குடுப்போம். சாஞ்சதுக்குப் பதிலா நீயே வேற கண்ணு குடு."

அவருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. பழி புயல்மேல் போயிருக்கும், தனக்கொடியின் பேரும் நிலைத்திருக்கும். அந்த நேரத்தில் அது அவள் மனசில் வராமலா இருந்திருக்கும்? வந்தது. ஒரு நிமிஷம் நன்றாகவே வந்தது. அவளே தையலம்மாளிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"புயல் இல்ல பாய். நான்தான்" என்றாள்.

"இன்னாமா சொல்ற?"

"வேர் சுருண்ட கண்ண குடுத்துட்டேன். நிக்கிறதும் நிக்காது. வேணும்னா ஒண்ணத் தோண்டிப் பாருங்க."

பாய் நம்பவில்லை. நிற்பதிலேயே செழிப்பான மரத்தைக் காட்டி, இதைத் தோண்டு என்றார். தனக்கொடியே மண்வெட்டி பிடித்தாள். ஒன்றரை அடி ஆழத்தில் அந்த உருண்டை வந்தது. வேர்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. பாய் குழிக்குள் கையை விட்டு அதைத் தடவிப் பார்த்தார். மேலே பார்த்தார், பச்சைப்பசேல் என்று இலை. கீழே பார்த்தார். அந்த முகத்தை தனக்கொடியால் இன்னமும் மறக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை, நடுத்தெருவில் யாரோ அறைந்தது போல இருந்தது என்பாள்.

"எட்டு மணிக்குக் கடயத் தொறக்கணும், அதுக்குள்ள வந்து இதுங்கள பாத்துட்டுப் போவேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு, "நீ போமா" என்றார்.

"புதுக் கண்ணு நானே கொண்டாந்து வைக்கிறேன் பாய்."

"எதையும் அனுப்பாத. போ."

மீதி இருபத்திரண்டையும் அவர் வெட்டிப்போட்டார் என்று கேள்விப்பட்டாள். அவ்வளவுதான். திட்டவில்லை, ஊரில் யாரிடமும் சொல்லவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தனக்கொடி தவித்தாள். இரண்டு முறை கடை வாசல்வரை போய், உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பினாள். போனில் அவர் பேரைப் பார்ப்பாள், அழைக்க மாட்டாள். அறுபது பலாக்கன்றுகளை மட்டும் தனியாகப் போட்டாள். நீளமான பை, மாதாமாதம் இடம் மாற்றி வைப்பு, வரிசைக்கு ஒன்று கிழித்துப் பார்ப்பு. நாலு மாதம் ஆனதும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, புது விதை வந்ததும் மறுபடி அறுபது போட்டாள். யாருக்கு என்று தையலம்மாள் கேட்டால், "கேக்காத" என்பாள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் போதும், எரிந்து விழுவாள். "எதுவும் தெரியாது. வேரத் தவுர ஒண்ணும் தெரியாது."

அருள்தாசின் ஸ்கூட்டர் போன தூசு அடங்குவதற்குள் வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. தனக்கொடி நிமிர்ந்தாள். கையிலிருந்த கன்று நழுவி விழுந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஷரீப் பாய் நிற்கிறார். தாடி இன்னும் வெளுத்திருந்தது.

அவர் முதல் வரிசையைப் பார்த்தார். கிழிந்து கிடந்த வேம்பையும் அதன் சுருண்ட வேரையும் பார்த்தார். தனக்கொடி என்ன நினைத்தாளோ, பின்னாலிருந்த பலா வரிசைக்கு ஓடினாள். ஒன்றை எடுத்துவந்து, பிளேடை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கிழிங்க பாய்."

"வேணாம்மா. நீ பாத்திருப்ப."

"என்னைய நம்பாதீங்க. கிழிங்க!"

பாய் பிளேடை வாங்கிக் கிழித்தார். வேர் மடங்காமல், நுனி வெள்ளையாக, நேரே கீழே பார்த்து நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஈரச்சாக்கின்மேல் பதமாகப் படுக்கவைத்தார். பிறகு வண்டிப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க போர் தண்ணி. முன்ன பாத்ததுதான். புயலுக்கு அப்பறம் மாறியிருக்கும், எதுக்கும் பாரு."

தனக்கொடி மூடியைத் திறந்தாள். மூடியில் ஊற்றவில்லை. பாட்டிலோடு வாயில் சாய்த்தாள். துப்புவாள் என்று தையலம்மாள் வாய்க்கால் ஓரத்திலிருந்து விலகிக்கொண்டாள். தனக்கொடி கண்ணை மூடி மடக்மடக்கென்று பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.