கேபிளைக் கழற்றிப் பார்த்திருந்தால்

இதை எழுத உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு வரியும் எழுதாமல் எழுந்துபோன நாட்கள் பல வருஷங்களாக உண்டு. சம்பளம் தந்த முதலாளியைப் பற்றி எழுதுவதா என்ற தயக்கம். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அவரும் இல்லை.

நான் டிப்ளமோவோடு நின்றவன். செகந்திராபாத்தில் வீடு, தார்நாகாவில் வேலை. தனியார் பஸ் கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி அது. மெஷினைச் சோதித்து அனுப்புவது என் பொறுப்பு. அதற்குள் பிரிண்டர், கீபேடு எல்லாவற்றையும் இயக்கும் டிரைவர் புரோகிராம்களை எழுதியவர் திருநெல்வேலிக்காரர், என்னைவிட இளையவர்.

முதல் மெஷின்கள் போனதுமே புகார் வந்தது. மத்தியானத்துக்குள் பேட்டரி காலி, கையில் பிடிக்க முடியாத சூடு.

"டிக்கெட் மெஷினா, இஸ்திரிப் பெட்டியான்னு கண்டக்டருங்க சிரிக்கிறாங்கய்யா," என்றார் முதலாளி. அவர் தலைமுறைகளாக செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழர்.

சும்மா இருக்கவேண்டிய பிராசஸர் எதையோ விடாமல் செய்துகொண்டிருக்கிறது என்பது புரிந்தது. எதை என்பதுதான் புரியவில்லை. மெஷினைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, பிராசஸருக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பார்த்தால் நூற்றுக்கு நாலு, ஐந்து. திருநெல்வேலிக்காரர் பிரிண்டர் டிரைவரைத் திருத்தினார், கீபேடு டிரைவரைப் புதிதாகவே எழுதினார். பஸ்ஸுக்குப் போனதும் அதே சூடு.

"நம்ம மேசையில சாதுவா கெடக்கு. பஸ்ஸுல ஏறுனா பேய் புடிக்குதே அண்ணாச்சி," என்று சிரிக்கப் பார்த்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் அப்போதுதான் ஊரிலிருந்து அழைத்துவந்திருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

சோதனைக்கு ஒரு புரோகிராம், அனுப்பும் மெஷினில் வேறொன்று என்று அவர் ஏமாற்றுவதாக முதலாளிக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டார்.

"ஜெபம் பண்ற ஆளு நீ, உள்ளதைச் சொல்லு. உன் மேசையில ஒருநாளாச்சும் சூடு ஏறிச்சா?"

"இல்லை சார்."

"ஒருவாட்டிகூட?"

"ஏறலை சார்."

"அப்போ பஸ்ஸுல மட்டும் ஏன் ஏறுது? போதும், இனிமே அவன் நக்கோ, வேணாம்."

பொய்ச்சாட்சி பாவம் என்று வளர்ந்தவன் நான். சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மைதான் அவரை வெளியே அனுப்பியது.

போகும்போது ஒரு மெஷினை என் கையில் கொடுத்தார். "பிராசஸருக்கு எவ்வளவு வேலங்கற நம்பர மெஷின் திரையிலயே மூலையில வர வச்சிருக்கேன். ஓடுத பஸ்ஸுல வச்சே பாத்துக்கிடலாம். முடிஞ்சா பாருங்க அண்ணாச்சி."

அடுத்த வாரம் அதை எடுத்தேன். என் கேபிளை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். கேபிள் இல்லாமலே போட்டேன். எண் தொண்ணூறைத் தாண்டி நின்றது. கேபிளைத் தேடிவந்து செருகினேன், நாலு. கழற்றினேன், மறுபடி ஏறியது.

கேபிள் இல்லாதபோது அதைச் செருகும் துளையின் கம்பி, சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் யாரோ அனுப்பும் எழுத்துகள் என்று வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் பிராசஸரைத் தட்டி எழுப்பியது. நாங்கள் பார்ப்பதற்கென்று கேபிளைச் செருகியதும் அடங்கிவிட்டது. போர்டில் அந்தக் கம்பியை அடக்கிவைக்கும் ரெசிஸ்டர் என்ற சின்ன உறுப்பை வைக்காமல் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

முதலாளியிடம் செருகியும் கழற்றியும் காட்டினேன். "ஹவ், ஆமா," என்று தலையாட்டினார்.

"அவரைத் திரும்பக் கூப்பிடலாமா சார்?"

"ஆனது ஆச்சு, விடுய்யா."

நான் போன் செய்தேன். ஊருக்கே போய்விட்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சே, ரெசிஸ்டரா? எனக்குத் தோணலையே," என்றார். பிறகு, "நீங்க உள்ளதத்தான சொன்னீங்க. ஆனா நான் ஏமாத்துனேன்னு அங்க சொல்லுதாங்களாமே அண்ணாச்சி," என்றார்.

அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. எங்கள் சர்ச் வாசலிலேயே ஒருவர் அண்மையில் சொன்னார். இப்போது அவர் லஞ்சம் வாங்கினார் என்பதும் சேர்ந்திருக்கிறது. அவர் குடும்பத்துக்காக தினமும் ஜெபிக்கிறேன். அது மட்டும் போதாது என்று படுகிறது.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காக எதையும் மறைக்காமல், அவருக்காக எதையும் கூட்டாமல், உள்ளபடியே. கேபிள் இல்லாதபோது மெஷின் சுட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை.