சென்னைக்காரி வரைந்த எங்கள் சமையலறை

புத்தகம் கூரியரில் வந்தது. உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் பீரோ மேல் போட்டு வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஜனங்களைப் பற்றிய படக்கதை. நான் வரைந்திருக்க வேண்டியது. வரைந்தவள் ஒரு சென்னைக்காரி.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். இப்போது நானும் அம்மாவும் திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கிறோம். எனக்கு அங்கேயே அரசாங்க ஆபீசில் வேலை. ஜெயின் என்று சொன்னால் போதும், "சேட்டுங்களா? அடகுக் கடை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். படக்கதைகளிலும் எங்கள் நிலைமை அதுதான். ஒன்று, உடைந்த தமிழ் பேசும் குண்டு சேட்டு. அது இல்லாவிட்டால் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் பக்திப் படக்கதைகளில் வருகிற மொட்டைத்தலைச் சதிகாரர்கள். கடைசிப் பக்கத்தில் கழுவில் ஏறுவதற்கென்றே முதல் பக்கத்தில் தலைகாட்டுகிறவர்கள். களத்தில் நெல் தூற்றுகிற ஒரு சமணனை எந்தக் கட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அப்படிப்பட்ட ஒரு புத்தகத்துக்கு நானே படம் போட்டிருக்கிறேன். லீவு நாட்களில் சிறுவர் படக்கதைகள் வரைவேன். பதிப்பாளர் கேட்டார், மறுக்கத் தைரியமில்லை. சதிகாரனுக்கு என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் கை போன போக்கில் வரைந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அப்பாவின் நீள மூக்கு. புத்தகம் அச்சாகி வருவதற்குள் அப்பா போய்விட்டார். பிழைத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன், அழுகை பிறகுதான் வந்தது.

அதற்குப் பரிகாரமாகத்தான் என் பெரிய புத்தகத்தைத் தொடங்கினேன். குகைகளில் கல்படுக்கை வெட்டிய காலத்திலிருந்து எங்கள் கதை. முனிவர்கள், ராஜாக்கள், கல்வெட்டுகள். ஒன்பது வருடமாக வரைகிறேன். ஒரு ராஜாவின் கிரீடம் சரியாக அமையவில்லை என்று ஒரு வருடத்தையே தின்றிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னைக்காரி செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. படக்கதை வரைகிறவள். யாரோ என்னைப் பற்றிச் சொல்லி, வீடு தேடி வந்தாள். "அண்ணா, உங்க ஆளுங்களப் பத்தித் தெரிஞ்சுக்கணும்" என்றாள். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்துவிட்டேன். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் வந்தாள். நான் பல்லவர் காலத்தில் இருக்கும்போதே, "அம்மாவப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சமையலறைக்கு நழுவிவிடுவாள். சரித்திரம் ஏறாத மண்டை என்று நினைத்துக்கொண்டேன். அவள் அந்த ரூமிலேயே இருந்து ஒரு வருடத்தில் புத்தகத்தை முடித்தாள்.

மூன்றாம் நாள் உறையைப் பிரித்தேன். படிக்கவில்லை, தப்பு தேடினேன். உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு கட்டமாக மோந்து பார்த்தேன். எங்கள் ஜைனக் கோயில் வாசல்படி சரியாக இருந்தது. அத்தைகள் புடவை கட்டும் விதம் சரியாக இருந்தது. களத்தில் ஒருத்தர் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பினேன்.

நடுவில் ஓரிடத்தில் மாட்டினாள். எங்கள் வேங்கிக்கால் சமையலறை. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. உள்ளே டியூப் லைட் எரிகிறது. அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரில் தட்டு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்தக் காலத்தில் எல்லாரும் பிடிப்பதில்லை. எங்கள் வீட்டில் பிடிக்கிறோம். நானே ஆபீஸ் விட்டதும் ஓட்டமாக வந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். ஆபீசில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

அன்று மத்தியானமே புத்தகத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனேன். அவள் ரூமுக்குக் கீழே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"எங்க வீட்டுல வெளக்கு வெச்சப்புறம் பச்சத்தண்ணிகூடப் பல்லுல படாது. சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும் இது. நீங்க எங்கம்மாவ ராத்திரியில தட்டு போட்டு ஒக்கார வெச்சிருக்கீங்க. எங்களப் பத்திப் புத்தகம்னு வேற சொல்லிக்கிறீங்க."

அவள் அந்தப் படத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். குரல் உயரவில்லை.

"தட்டு கவுத்து வெச்சிருக்குண்ணா. நல்லாப் பாருங்க. அம்மா சாப்பிடல."

பார்த்தேன். தட்டு கவிழ்ந்துதான் இருந்தது.

"நீங்க ஆபீஸ் விட்டு வர்றதுக்கும் பொழுது சாயறதுக்கும் சரியா இருக்குமாம். உங்களுக்குச் சூடாத்தான் தோசை வேணுமாம். ஊத்தி ஊத்திப் போட்டுட்டே இருப்பாங்களாம். நீங்க கை கழுவும்போது வெளிய இருட்டிடுமாம். வாரத்துல மூணு நாலு நாள் அம்மாவுக்கு ராத்திரி பட்டினிதான்னு சிரிச்சுட்டே சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

காப்பி குடிக்காமல் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். என் சமையலறை, என் அம்மா, என் தோசை. மூன்று மாதம் வந்துபோனவள் கண்ணுக்குப் பட்டது. பத்தடி தள்ளி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த எனக்குப் படவில்லை. இதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது நெஜமாம்மா?"

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா. இதெல்லாம் ஒரு விஷயமாப்பா? அந்தப் பொண்ணு பக்கத்துல ஒக்காந்து அவரக்கா கிள்ளிக்கிட்டு இருந்துச்சு, பேச்சுவாக்குல சொன்னேன். நாம வெங்காயம் சேக்கறதில்லன்னுகூட அதுக்கு ஞாபகம் இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ராஜா வரைஞ்சிட்டு இருந்தே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

அன்றிலிருந்து எனக்கும் ஊற்றி வைத்துவிட்டு அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆறிய தோசைதான். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

நான் படம் போட்ட புத்தகங்கள் வீட்டில் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. அம்மா தூசு தட்டி அடுக்குவாள். ஒன்றைக்கூட யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று கேட்டதில்லை. படத்தைக் காட்டிய மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"அந்தப் பொண்ணு புத்தகம் இன்னொண்ணு கெடைக்குமாப்பா? ஊர்ல பெரியம்மாவுக்குக் குடுத்தனுப்பணும். நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு காட்டணும்."

"வாங்கியாரேம்மா" என்றேன். சென்னைக்காரி மேல் எனக்கிருந்த பொறாமை அப்போதுதான் முழுசாகப் பற்றிக்கொண்டு எரிந்தது.