ஓடி எறிந்த தொண்ணூற்று நான்கு

ராய்ஸ் ஹோல்கமுக்கு இருபத்தொன்பது வயது. லப்பக் ஊரில் கார் முன்கண்ணாடி மாற்றும் கடையில் வேலை. ஆலங்கட்டி மழை பெய்யும் மாதங்களில் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மற்ற மாதங்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் எங்கள் கிடங்கில் இருப்பார். முன்பு தரைவிரிப்பு விற்ற கிடங்கு. இப்போது அங்கே பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர்களின் வேகத்தை அதிகமாக்குகிறோம். பயிற்சி தருவது கீகன். இருபத்து நான்கு வயதுப் பயிற்சியாளர். நான் கணினி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் ரேடார் சொல்லும் எண்ணைப் பதிவு செய்கிறேன்.

ராய்ஸ் இரண்டு வருடக் கல்லூரியில் பிட்சராக இருந்தவர். இருபத்திரண்டு வயதில் முழங்கையில் அறுவை சிகிச்சை. பிறகு பெரிய லீக்குகளோடு ஒட்டாத சின்ன அணிகள் மூன்றில் ஆடினார். மூன்றிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்கள்: "நல்லாத்தான் போடுற, வேகம் பத்தல." அந்த வாக்கியத்தைப் பொய்யாக்கத்தான் எங்களிடம் வந்தார். பதினான்கு மாதத்தில் மணிக்கு எண்பத்து நான்கு மைலை எண்பத்தெட்டு ஆக்கினோம். அதற்குள் கீகனின் நெற்றி முடி ஒரு விரல்கடை பின்னால் போய்விட்டது.

காரணம், ராய்ஸுக்கு மெதுவாக எறியத் தெரியாது. கை ஓய்வெடுக்கவேண்டிய நாளில் பாதி பலத்தில் எறி என்றால் முழுப் பலத்தில் எறிவார். எறிந்த பந்து வலையைத் தொடுவதற்குள் தலையைத் திருப்பி, ரேடார் எண் தெரியும் திரையைப் பார்ப்பார். தலை திரும்பினால் தோளும் திரும்பும், வேகம் குறையும். கீகன் நூறு முறை சொல்லியிருப்பான். கடைசியில் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான். மறுநாளிலிருந்து ராய்ஸ் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். என் புருவம் உயர்ந்தால் எண்பத்தெட்டாம், உயராவிட்டால் எண்பத்தாறாம். அதனால் கல் மாதிரி உட்காரக் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் துண்டை எடுத்துவிடுவோம். அன்று ஓடி எறியும் நாள். நாலைந்து எட்டு ஓடிவந்து, முழு உடம்பையும் பந்தோடு சேர்த்து வலைக்குள் வீசவேண்டும். பாட்டு அலறும், எல்லாரும் சுற்றி நின்று கத்துவார்கள், எண்ணைச் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவோம். ஓடி எறிவதில் வரும் எண், பிட்சருக்கான சின்ன மேட்டில் நின்று எறிவதைவிட எப்போதும் ஐந்தாறு மைல் அதிகம். ஆட்டத்தில் ஓடி எறிய முடியாது, மேட்டில் நின்றுதான் எறியவேண்டும். இது அங்கே தரை துடைப்பவருக்கும் தெரியும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ராய்ஸ் உள்ளே வந்ததும் வராததுமாக, "கோச்சு, செவ்வாய்க்கிழமை பிரிட்சார்ட் வர்றார்," என்றார். கான்சாஸ் பக்கம் ஒரு சின்ன அணியின் மேலாளர் அவர். ஏப்ரல் முகாமுக்கு இன்னும் ஒரே ஒரு பிட்சர் வேண்டுமாம். முப்பது தொடப்போகும் ஒருவருக்கு இதுபோல இன்னொரு அழைப்பு வராது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

கீகனுக்கு வாயெல்லாம் பல். "அடிச்சுட்டய்யா! எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"தொண்ணூத்தி நாலுன்னு சொன்னேன்."

"எது தொண்ணூத்தி நாலு?"

ராய்ஸ் பலகையைக் காட்டினார்.

கீகன் கையிலிருந்த, பயிற்சிக்கான கனத்த எடைப்பந்து கீழே விழுந்தது. "யோவ்! அது ஓடி எறிஞ்சதுய்யா!"

"நீதானே கொட்டை எழுத்துல எழுதி வச்ச."

"என் நாய் பேரைக்கூடத்தான் அதுல எழுதி வச்சிருக்கேன். அதையும் சொன்னியா?"

"அவரு எவ்வளவு போடுறன்னு கேட்டாரு. நான் போட்டதைச் சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வர்ற மனுஷன், மேட்டுல எண்பத்தெட்டைப் பார்த்துட்டு என்ன நினைப்பாரு? உன்னை விடு, இனிமே எங்க ஆளு எவனையாவது நம்புவாரா? போனை எடு. உண்மையைச் சொல்லு."

ராய்ஸ் அரைமணி நேரம் முரண்டு பிடித்தார். கழிப்பறைக்குப் போனார், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார், தண்ணீர் குடித்தார். கடைசியில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார்.

"சார், ராய்ஸ் ஹோல்கம். அந்தத் தொண்ணூத்தி நாலு... மேட்டுல இருந்து போட்டது இல்ல சார். மேட்டுல எண்பத்தெட்டு."

மறுமுனையில் கார் ஓடும் சத்தத்துக்கு நடுவே, "அப்ப நான் வரலப்பா," என்றார் பிரிட்சார்ட்.

"சார்?"

"தொண்ணூத்தி நாலுன்ன. ஆறைக் கழிச்சேன், எண்பத்தெட்டு. எண்பத்தெட்டுன்னா எனக்குப் போதும், வர்றதா இருந்தேன். இப்ப எண்பத்தெட்டுங்கிற. ஆறைக் கழிச்சா எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு என் மச்சினனே போடுவான். அவன் பல் டாக்டர்."

"சார், இதுல கழிக்கவேண்டாம் சார்! இது நிஜ எண்பத்தெட்டு!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

கீகன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொல்லச் சொன்னவன் அவன்தானே. ராய்ஸ் அவனைப் பார்த்த பார்வையில் முன்கண்ணாடியே விரிசல் விட்டிருக்கும். எங்கள் ரேடார் பதிவை அனுப்பலாமென்று நான் மெதுவாகச் சொன்னேன். போனில் அது கேட்டுவிட்டது.

"அந்தக் கிடங்கு ரேடாரெல்லாம் ரெண்டு மைல் கூட்டித்தான் காட்டும், அம்மா," என்றார் பிரிட்சார்ட். பிறகு பெருமூச்சு விட்டார். "அமரில்லோவுல ஒருத்தனைப் பார்க்கப் போறேன். தொண்ணூத்தி ஏழாம். எப்படியும் உங்க பக்கம்தான் வர்றேன், பதினஞ்சு நிமிஷம் நிப்பேன். என் ரேடாரைக் கொண்டு வருவேன். சரியா?"

செவ்வாய் வரை கையைத் தூக்கக்கூடாது என்று கீகன் கட்டளை போட்டான். ஞாயிறு காலை, சாப்பிடப் பரிட்டோ வாங்கப் போன நான் கண்ணாடிக் கடை வழியாக வந்தேன். கடை பூட்டியிருந்தது. பின்சுவரில் தொம், தொம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ராய்ஸ், எடைப்பந்தும் கையுமாக.

"யெசி, மெதுவாத்தாம்மா எறியறேன்."

"சுவர்ல சுண்ணாம்பு உதிருது."

"பழைய சுவரு."

"கீகன்கிட்ட சொல்லட்டுமா?"

பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, அடிபட்ட பிள்ளை மாதிரி காரில் ஏறி உட்கார்ந்தார். இன்னொரு பந்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கைக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக் கொடுத்தார். மொத்தம் மூன்று.

செவ்வாய்க்கிழமை காற்று புழுதியை வாரி அடித்தது. கிடங்கின் தகரக் கூரை படபடத்தது. பிரிட்சார்ட் குள்ளமான மனிதர். வணக்கம் சொன்னார், காப்பி வேண்டாமென்றார், வலைக்குப் பின்னால் நின்று தம் ரேடாரை உயர்த்தினார். கீகன் எங்கள் திரைமேல் துண்டைப் போட்டான்.

முதல் பந்து என் கணினியில் எண்பத்தைந்து. ராய்ஸ் என் பக்கம் திரும்பினார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். இரண்டாவது எண்பத்தாறு. மறுபடி திரும்பினார். "தலை! தலை!" என்று கீகன் பல்லைக் கடித்தான். ஐந்தாவது பந்துக்கு முன்னால் நான் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கணினியை மடியில் வைத்துக்கொண்டேன். பார்க்க முகம் இல்லை. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு. பதினைந்தாவது பந்து வலையை அறைந்த சத்தம் வேறாக இருந்தது.

பிரிட்சார்ட் ரேடாரைப் பையில் வைத்தார். "எண்பத்தெட்டுன்ன. எண்பத்தெட்டு போட்ட."

"ஆமா சார்."

"என்கிட்ட சொன்ன எண்ணை நேர்ல போட்டுக் காட்டினவன் நீதான் முதல் ஆளு. இனிமே உன்கிட்ட எதைக் கழிக்கிறதுன்னு எனக்குத் தெரியல." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏப்ரல் மூணு, காலை எட்டு மணி. கையுறை நீயே கொண்டுவரணும். முகாம்ல மோசமாப் போட்டா அன்னிக்கே பஸ் ஏத்திடுவேன்."

"அமரில்லோக்காரன் சார்?" என்றார் ராய்ஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. கீகன் அவர் காலை மிதித்தான்.

"அவனையும் பார்க்கணும்தான். தொண்ணூத்தி ஏழு சொல்றவனுக்கு எத்தனை கழிக்கணுமோ," என்று சொல்லிக்கொண்டே பிரிட்சார்ட் புழுதிக்குள் போனார்.

கதவு மூடியதும் கீகன் ராய்ஸைக் கட்டிப்பிடித்தான். ராய்ஸ் அவன் தோளுக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார். "கடைசி பந்து எவ்வளவு யெசி?"

"எண்பத்தொன்பது புள்ளி ஆறு."

"தொண்ணூறுன்னு எழுது."

"எண்பத்தொன்பது புள்ளி ஆறு," என்றேன்.

"மேட்டுல போட்டதும்மா! தொண்ணூறுன்னா என்ன குறைஞ்சுடும்? கோச்சு, நீ சொல்லேன்."

கீகன் திரையிலிருந்த துண்டை எடுத்து அவர் முகத்தில் எறிந்தான். "இந்தப் புள்ளி ஆறாலதான்யா நீ உருப்படப்போற. பேசாம வீட்டுக்குப் போய் கைக்கு ஐஸ் வை."

நான் பலகையில் 89.6 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் 90 என்று இருந்தது. கண்ணாடிக் கடைச் சீட்டுகளில் நான் பார்த்திருக்கும் அதே கோணல் எழுத்து. அழித்து 89.6 எழுதினேன். அதற்கு அடுத்த நாளும் 90. அவருக்குச் சாவி யார் கொடுத்தது என்று கேட்டால் கீகன் கூரையைப் பார்த்தான். மார்ச் மாதம் முழுக்க இதே வேலை. அவர் எழுதுவார், நான் அழிப்பேன்.

முகாம் தொடங்கும் ஏப்ரல் மூன்றாம் தேதி காலையில் 89.6 அப்படியே இருந்தது.