எந்த மூட்டை?

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த தட்டச்சுக் கடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு விசைப்பலகைச் சத்தம் நின்றது. அதுவரை என் ஆய்வேட்டை நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தவர் டைப்பிங் அக்கா. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் ஆய்வேடு கொண்டுவரும் எல்லாருக்கும் அவர் அக்கா. திரையில் இருந்தது நிலக்கடலை விளைச்சல் அட்டவணை. இந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

"சார், இது எந்த மூட்டை?"

"மூட்டைன்னா மூட்டைதாங்க்கா."

"நாங்க மல்லாட்டை போட்டுக்கினு இருக்கற ஆளுங்க சார். காயா கட்டினா நாப்பது கிலோ, உடைச்சி பருப்பா கட்டினா எம்பது. எதுன்னே போடாம எல்லாத்தையும் ஒரே கட்டத்துல அடைச்சி வச்சிருக்கீங்களே?"

திங்கட்கிழமை மாலைக்குள் சமர்ப்பிக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். ஏழு ஆண்டு உழைப்பு. திண்டிவனம் பக்கத்து ஊர்களில் விழுப்புரம் பக்கத்தைவிட மூன்று மடங்கு விளைச்சல் என்பதுதான் என் முடிவு. அதற்கு மண், கிணறு, விதை என்று முப்பது பக்கம் காரணம் வேறு எழுதியிருந்தேன். உண்மையில், திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பக்கத்தில் பெரும்பாலோர் காய்க்கணக்கு சொல்லியிருந்தார்கள். விழுப்புரம் பக்கத்தில் பருப்புக்கணக்கு.

தவறு அவர்களுடையதல்ல. ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே களக்குறிப்பேட்டில் எழுதுவது என் வழக்கம்: "காயா இருவது", "பருப்பா ஏழு". அட்டவணைக்கு மாற்றும்போது அந்தச் சொற்கள் வரிசையைக் கோணலாக்கின. எண்கள் நேராக நிற்கட்டும் என்று நானே அவற்றை நீக்கிவிட்டேன். என் ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது.

"பேஜாராயிடுச்சா சார்? மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? ஜல்தியா போயி நோட்டுங்கள எடுத்துக்கினு வாங்க. நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்."

விழுப்புரத்தில் என் வீட்டுக்குப் போய்ப் பதினொரு குறிப்பேடுகளையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஒரு விவசாயி பெயர்கூட விடுபடாமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் காயா பருப்பா என்ற அந்தச் சொல் இருந்தது. எத்தனை மூட்டை காய் உடைத்தால் ஒரு மூட்டை பருப்பு என்பதை விவசாயிகளிடமே தொலைபேசியில் கேட்டு, அந்தக் கணக்கை அடிக்குறிப்பில் சேர்த்தேன். ஞாயிறு மாலை அட்டவணையின் தலைப்பு இப்படி ஆயிற்று: ஏக்கருக்கு விளைச்சல், தோலுடன், கிலோவில். மூன்று மடங்கு காணாமல் போயிருந்தது. மிஞ்சியது சொற்ப வித்தியாசம். முப்பது பக்கக் காரணங்கள் நான்கு பக்கமாகச் சுருங்கின. வருத்தம் வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சமர்ப்பித்தேன்.

இன்று என் மாணவர்களின் அட்டவணைகளில் எண்ணுக்கு முன் தலைப்பைத்தான் படிக்கிறேன். எது, எந்த அலகில், எவ்வளவு நிலத்துக்கு என்ற மூன்றும் அங்கே இல்லையென்றால் கீழே உள்ள எண்களைப் பார்ப்பதில்லை.

அந்த ஆய்வேட்டுக்கான என் வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், வேளாண்மை படித்தவர், அந்த அட்டவணையில் விரலை வைத்தார். தலைப்பைப் படித்தார், அடிக்குறிப்பைப் படித்தார், பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குத் தொலைபேசினேன்.

"மூட்டையப் பத்திக் கேட்டாங்களா சார்?"

"ஒண்ணுமே கேக்கலைங்க்கா."

"அப்ப புரிஞ்சிருச்சி அவருக்கு," என்றார். "போயி சாப்புடுங்க."