கரண்டியால் கூப்பிட்ட பெயர்

ஐம்பதுகளில் கல்யாணமாகி கொடைரோடு ஸ்டேஷன் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் கணவர் தந்தி குமாஸ்தா. அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் தந்தி அறை. நாளெல்லாம் 'கட் கடகட்' சத்தம்தான்.

யாரும் சொல்லித்தராமல், அதை நானே பிரித்துப் பார்த்தேன். அடிக்கடி தட்டும் ஊர்ப் பெயர் திண்டுக்கல்; அதை இங்கிலீஷில் எழுதினால் முதல் இரண்டு எழுத்தும் ஓர் எழுத்து தள்ளித் திரும்ப வரும். அப்படித் திரும்பி வந்த தட்டைப் பிடித்தேன்; மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாகச் சிக்கின. தெளிவாகக் கேட்காவிட்டால் அவர் தட்டும் 'மறுபடி அனுப்பு'கூடப் பழகிவிட்டது.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாத காலம். ஒருநாள் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியால் சுவரில் அவர் பெயரைத் தட்டினேன்.

"ஏத்தா, சுவத்தப் போட்டு ஏன் இந்தத் தட்டு தட்டுற?" என்றார் மாமியார்.

"பல்லி அத்தை, வெரட்டுறேன்."

தந்தி அறையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஓடிவந்து இலை முன் உட்கார்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் மட்டும் தம்ளரில் தட்டியது: மறுபடி அனுப்பு.

ரசச் சட்டியில் தட்டினேன்.

"பல்லி இங்கயும் வந்துருச்சா?" என்றார் மாமியார்.

அவர் பெயரை வாயால் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் என்னைப் போல் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அந்த ஸ்டேஷனிலேயே கிடையாது.